கால் மாற்ற வவுனியாவுக்குப் போனோம்

காலை ஐந்தே முக்காலுக்கு ஜெயபுரம் சந்தியில் பஸ் ஏறினோம், நானும் மகள் ரதியும். ரதிக்கு வலது கால் தொடையோடு இல்லை. கடைசிச் சண்டையில் செல் குண்டு பட்டுப் போனது. போட்டிருக்கிற பொய்க்கால் பழசாகி, முழங்கால் மடங்காது, பாதமும் வெடித்துவிட்டது. போன மாதம் கச்சான் கடலைத் தோட்டத்தில் இரண்டு தரம் விழுந்தாள். மாரிக்கு முன்னம் புதுக்கால் கிடைத்தால்தான் விதைப்புக்கு இறங்கலாம். எங்கள் வீட்டில் வயல் செய்கிறவள் அவள் ஒருத்திதான்.

பரந்தனுக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய். பஸ்ஸுக்குள் நல்ல சன நெருக்கம். நடைபாதையில் நீண்டு கிடந்த காலைப் பார்த்து, "அக்கா, காலைக் கொஞ்சம் மடக்குங்கோ" என்றார் கொண்டக்டர்.

"இது மடங்காது தம்பி. கழட்டித் தாறன், மேல்தட்டிலை வையுங்கோ" என்றாள் ரதி.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ரிக்கற் காசு கேட்காமலே போய்விட்டார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. கூப்பிட்டுக் கொடுத்தேன்.

ஏழரைக்குப் பரந்தனில் வவுனியா பஸ். எண்பது கிலோமீற்றர், முந்நூற்று முப்பது ரூபாய். வழி முழுக்க உதவிப் பலகைகள். இந்த வீடு இந்த நாடு தந்தது, அந்தக் கிணறு அந்த நாடு தந்தது என்று எழுதி, கொடி கீறியிருக்கிறது. கொடிகள் வெளிறி எந்த நாடென்று தெரியவில்லை. மாங்குளத்தில் ஏறிய ஒரு பெண் கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்தவளாம். வெளிநாட்டுக் காசு நின்றதால் அவளோடு வேலை செய்த எல்லோரையும் நிற்பாட்டிவிட்டார்களாம். வெடி இன்னும் நிலத்துக்குள்ளேதான் கிடக்கிறது என்றாள்.

பத்து மணிக்குக் கால் செய்கிற பட்டறை. முன்பு உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அன்று நாங்கள் இரண்டு பேர்தான். பொறுப்பாக இருக்கிற செல்வம் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, பிறகு விசயத்தைச் சொன்னார். பட்டறைக்குக் காசு தந்தவை மூன்று நாடுகள். ஒன்று அடியோடு நிறுத்திவிட்டது. மற்ற இரண்டும் வெட்டிக் குறைத்துவிட்டன. தங்கள் படைக்கு ஆயுதம் வாங்க வேண்டுமாம். மாதக் கடைசியில் பட்டறை பூட்டு. மிச்சச் சாமான் எட்டுக் காலுக்குத்தான் காணும். அது, பொய்க்காலில் குறை என்று முன்பே பதிந்தவர்களுக்கு.

"நான் பதியேல்லையோ?" என்று கேட்டாள் ரதி.

அவர் பதிவுக் கோவையை விரித்தார். "போன வருசம் காசு தந்த இடத்திலையிருந்து வெள்ளைக்கார அம்மா ஒராள் உங்கடை வீட்டை வந்தவா. 'கால் நல்லாயிருக்கு, குறையொண்டுமில்லை' எண்டு எழுதியிருக்கு. ஆர் சொன்னது?"

நான்தான் சொன்னேன். ரதி அன்று தோட்டத்தில் நின்றாள். தந்தவர் வீடு தேடி வந்திருக்க, தந்த பொருளில் குறை இருக்கிறதென்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்து, நல்லாயிருக்கு என்றேன். பாதத்தில் அப்போதே வெடிப்பு இருந்தது.

"தம்பி, அதை மாத்தி எழுதேலாதோ?" என்றேன்.

"எழுதி ஆருக்கம்மா அனுப்பிறது? அந்த அம்மாவின்ரை கந்தோரிலை இப்ப வேலைக்கு ஆளில்லை."

வெடிப்புக்கு ரப்பர் வைத்து ஒட்டித் தந்தார். சேற்றில் இறங்கினால் ஒரு கிழமையும் தாங்காது என்றார். ரதி காலைப் பூட்டிக்கொண்டு எழும்பினாள்.

இரண்டு மணிக்குத் திரும்பும் பஸ். மேற்கே மழை இருட்டியிருந்தது. புளியங்குளத்தில் வயல் உழத் தொடங்கிவிட்டார்கள். ரதி யன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மாங்குளம் கழிந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இனி ஆரும் வந்து கேட்டால் என்னைக் கூப்பிடுங்கோ."

இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"ஓம் பிள்ளை, கூப்பிடுறன்" என்றேன்.