ஒரு துண்டு பிளாக் புட்டிங்

பிரிட்டிஷ் சாப்பாட்டைப் பற்றிப் பேச எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. லண்டன் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்தபோது ஒரு சாண்ட்விச் தின்றேன், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனாலும் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் நான் கான்ட்ராக்டில் வேலை பார்த்த அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. சேர்ந்த முதல் மாதம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஆபீஸ் சாப்பாட்டு அறையான பேன்ட்ரியில் இருந்த மைக்ரோவேவில் சூடு பண்ணினேன். மறுநாள் எங்கள் மாடி முழுவதற்கும் ஒரு மெயில் வந்தது. வாசனை மிகுந்த உணவுகளைத் தவிர்க்கவும் என்று இருந்தது. பெயர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தயிர்சோறுதான். அதையும் ஆறிப்போனபடியே, என் கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

எங்கள் டீமில் வட இங்கிலாந்திலிருந்து வந்த பெண்மணி ஒருவர் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. சாஃப்ட்வேர் டெஸ்டிங் அவர் வேலை, அதில் கெட்டிக்காரர். நான் எழுதும் புரோகிராம் கோடில் தப்பு கண்டுபிடித்தால் ஊருக்கெல்லாம் மெயில் போட மாட்டார். நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, மெல்லச் சொல்லிவிட்டுப் போவார். மேனேஜர் காதுக்குப் போவதற்குள் நான் சரி செய்துவிடுவேன்.

ஆனால் பேன்ட்ரி மேசையில் அவர் டப்பாவைத் திறந்தால் கேலி ஆரம்பித்துவிடும். பீன்ஸை டோஸ்ட் மேல் கொட்டித் தின்கிற ஜனங்கள் என்பார் ஒருவர். உங்கள் சாப்பாட்டுக்கு ஒரே நிறம்தானா என்பார் மேனேஜர். அந்தப் பெண்மணியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் தண்ணீர் பிடிக்கப் போன நானும் வாயைக் கொடுத்தேன். "மிளகு தேடி எங்க ஊருக்குக் கப்பல்ல வந்தீங்க. இருநூறு வருஷம் ஆண்டீங்க. அதுல ஒரு மிளகையாவது உங்க சாப்பாட்டுல போட்டிருக்கலாம்."

இணையத்தில் எங்கோ படித்த ஜோக். சொந்தச் சரக்கு போலச் சொன்னேன். மேசையே குலுங்கியது. மேனேஜர் என் தோளில் தட்டி, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கருவாட்டு மெயிலுக்குப் பிறகு கிடைத்த முதல் நாற்காலி அது. அதைக் காப்பாற்றிக்கொள்ள வாரம் ஒரு புது ஜோக் தேடிக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின வாரம் ஆளுக்கொரு ஊர்ப் பண்டம் கொண்டுவரச் சொன்னார்கள். நான் வம்பில்லாத எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனேன். அந்த இங்கிலாந்துப் பெண்மணி ஒரு தட்டு நிறைய வட்ட வட்டமாக, கன்னங்கரேலென்று எதையோ வறுத்துக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் ஒரு சீட்டில் 'பிளாக் புட்டிங்' என்று எழுதியிருந்தது. நமக்குப் புட்டிங் என்றால் கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைக்கிற இனிப்பு. சாக்லேட் சமாச்சாரம் என்று நினைத்து, குலாப்ஜாமூனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொண்டேன்.

முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது. இது ரத்தப் பொரியல். கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் கறிக்கடையிலிருந்து தூக்குப்போசியில் ஆட்டு ரத்தம் வரும். அம்மா அதை வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வதக்குவாள். குழம்பு கொதிப்பதற்குள் அது காலியாகிவிடும். அமெரிக்கா வந்த பிறகு நான் மறந்தே போயிருந்த ருசி. இதில் கூடுதலாக நாக்கின் ஓரத்தில் மிளகு சுள்ளென்று பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றேன்.

"இதுல என்ன இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பன்றி ரத்தம், ஓட்ஸ், கொஞ்சம் கொழுப்பு" என்றார் அவர், இட்லியில் என்ன இருக்கிறது என்று சொல்வது போல.

தட்டை நோக்கி நீண்ட கைகள் திரும்பிப் போயின. ஒருவர் வாயிலிருந்ததை நாப்கினில் துப்பினார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். இந்தத் துறையில் நான்தானே நிபுணன்.

"நீ சாப்பிட்டியே, எப்படி இருந்தது?"

அந்தப் பெண்மணியும் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடி மென்றதை அவர் பார்த்திருந்தார், அது எனக்கும் தெரியும். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள். நான் ஒரு நாப்கினை எடுத்து, வாயில் மிச்சம் இருந்ததைத் துப்பினேன்.

"மனுஷன் தின்பானா இதை?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டின் மேல் அலுமினியத் தாளைப் போட்டு, நான்கு பக்கமும் மடித்து மூடி, எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து அவர் மேசைக்கு வரவில்லை. தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாகச் சாப்பிட்டார். என் கோடில் தப்பு இருந்தால் இப்போது மெயில் வந்தது, மேனேஜருக்கும் ஒரு நகலோடு. கோபப்பட எனக்கு வாயில்லை.

ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. அவர் வேலையை விட்டு ஊருக்கே போகிறார், அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதற்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் அப்புறம் சொல்ல ஆளே இருக்காது. அன்றைக்குத்தான் நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். அவளும் கோபிக்காரிதான். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் கட்டையைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அதைத் தின்னு வளந்தவரு நீங்க. மனுஷன் தின்பானான்னு கேட்டீங்களாக்கும்? அப்ப உங்கம்மா ஆருங்க?"

"தனியாக் கூப்பிட்டு ஸாரி சொல்லிடறேன்" என்றேன்.

"துப்புனது எல்லாத்து முன்னாலயும். ஸாரி மட்டும் காதுலயாக்கும்?"

மறுநாள் ரத்தம் தேடிக் கிளம்பினேன். ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில் நான் எப்போதும் கறி வாங்கும் ஹலால் கடை பாய் நம்ம ஊர்க்காரர். "ரத்தம் எங்களுக்கு ஆகாது தம்பி. தலை, கால், குடல் எது வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றார். இத்தனை வருடம் பழகிவிட்டு அதுகூட யோசிக்காமல் போய் நின்றிருக்கிறேன். கடைசியில் ஒரு சீன சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் கட்டியாக வாத்து ரத்தம் கிடைத்தது. மனைவி அதை உதிர்த்து, அம்மா செய்கிற மாதிரியே வதக்கிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அதே மைக்ரோவேவில் முழுதாக இரண்டு நிமிடம் சூடு பண்ணினேன். வாசனை மாடி முழுக்கப் போயிருக்கும். மெயில் வந்தால் வரட்டும் என்று இருந்தது. அவரிடம் போய், இன்றைக்கு மட்டும் மேசைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். தன் டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தார்.

டப்பாவை மேசை நடுவில் வைத்தேன். நான்கு தடவை ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் அப்போது உதவவில்லை, வாய்க்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இது ரத்தம். எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை இதுதான். அன்னிக்கு நீங்க கொண்டுவந்தது முதல் கடியிலேயே எனக்குத் தெரிஞ்சுது. ரொம்பப் பிடிச்சுது. எல்லாரும் சிரிப்பாங்கன்னு பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

மேனேஜர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண்மணி ஒரு ஃபோர்க்கை எடுத்து ஒரு வாய் சாப்பிட்டார். அவசரமில்லாமல் மென்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "ஆனா மிளகு பத்தாது. எங்க அம்மா இதுல நிறைய மிளகு போடுவாங்க."

மேசை குலுங்கியது, இந்தத் தடவை என்னைப் பார்த்து. அவரும் சிரித்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு மிளகுத்தூள் பொட்டலங்களை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒன்றைப் பிரித்துத் தூவி ஒரு வாய் சாப்பிட்டேன். அவர் சொன்னது சரிதான்.