ஜோடி சேராத பெடல்

"தம்பி, அஞ்சரை அங்குலம்! இதேதான்!" சைக்கிள் கடையின் நடுவில் குந்தியிருந்த டெய்லரக்கா, டேப்பைக்கூடச் சுருட்டாமல் துள்ளி எழுந்தார். கையில் ஒரு கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் இரும்புத் தண்டு.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, அது சின்னப் பசங்க சைக்கிளுது. வலது பக்கத்துக்கு ஆறேமுக்கால் வாங்கியிருக்கீங்க. ஜோடி சேராதுக்கா."

"என் காலே ஜோடி சேரல. கிராங்க் சேர்ந்து என்ன பண்ணப் போவுது?"

அவருக்கு இடது கால் வலதைவிட ஒன்றேகால் அங்குலம் குட்டை. மூன்று முறை கடைச் சைக்கிளில் ஏறி, இடது பெடல் கீழே போனதும் கால் எட்டாமல், மூன்று முறையும் தெருவே பார்க்க விழுந்திருக்கிறார். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்ற அறிவுரை வேறு, இலவசமாக! இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள சீருடைத் தையலகம் அவரைக் கட்டிங் மாஸ்டராகக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த வழியில் பஸ் கிடையாது. நடந்தால் ஒரு மணி நேரம், இடுப்பு ஒடிந்துவிடும். கணவரோ பேக்கரிக்காரர், விடியுமுன் கிளம்பிவிடுவார். ரெடிமேட் பொருந்தாவிட்டால் அளவெடுத்துத் தைப்பதுதானே முறை? சைக்கிளையும் தைத்துவிட்டால் போச்சு!

ஃபிரேம், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. முன் சக்கரம் பேப்பர்காரர் வேண்டாமென்று போட்டது. சீட்டுக்கு மிச்ச ரெக்சினில் அவரே உறை தைத்தார். செயினும் பிரேக்கும் மட்டும் புத்தம் புதிது. "உடம்புக்கு ஒட்டுத்துணி போட்டுக்கலாம். காலரும் பட்டனும் மட்டமா இருந்தா மொத்தச் சட்டையும் போச்சு" என்பது அவர் கணக்கு. எல்லாம் கட்டிங் மேசைக்கடியில், துணிப்பட்டை கட்டி, நம்பர் போட்டு, வெட்டிவைத்த துணிபோலக் கிடந்தன. கணவர் குனிந்து பார்த்து, "துவைச்சா சுருங்குமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை இடது பெடல் அடம்பிடித்தது. ஸ்பானரால் எவ்வளவு முறுக்கியும் ஏறவில்லை. அந்த வழியே போன சைக்கிள் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இடது பெடலுக்கு மரை தலைகீழ்க்கா. எதிர்ப்பக்கம் திருப்புங்க."

"அதானே பார்த்தேன்!" அக்கா தன் இடது முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "இடதுன்னாலே ஊரு போற வழியில போவாது!"

ஞாயிறு காலை டிரையல். முதல் டிரையலில், திருத்த வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு விழாமல் எந்த உடுப்பும் அவரிடமிருந்து தப்பியதில்லை. "எவ்வளவு சரியா தச்சாலும் எங்கயாவது ஒரு நூலளவு இடிக்கும்" என்பார். ஆகவே கணவர் கையில் சாக்பீஸைக் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டு ஏறினார்.

வலது கால் அழுத்தியது. இடது பெடல் கீழே போனது. காலும் கூடவே போனது!

"எட்டுதுங்க! ஐயோ, எட்டுது!"

தெருவே எட்டிப் பார்த்தது. கைப்பிடி ஆடியது, அவர் விழவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி, டேப்பின் இரு முனையும் தோளில் பறக்க, மூச்சு வாங்க வந்து நின்றார்.

"எங்கம்மா கோடு போடணும்?" கணவர் சாக்கை நீட்டினார்.

அக்கா சீட்டைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். இரண்டு பெடலையும் பார்த்தார். சாக்கை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, சைக்கிளைப் பாலத்துப் பக்கம் திருப்பினார்.