சால்வைக்கு வெளியே தெரிந்த காலர்

சென்ற ஜனவரியில், மைசூரில் என் மகள் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவில் நடந்தது இது. அந்தப் பள்ளியின் பஸ்ஸை ஓட்டுபவர் என் கணவர். இத்தனை வருடம் சின்னச் சிராய்ப்புகூட இல்லாமல் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்ததற்காக மேடையில் கௌரவிக்கப் போவதாகச் சொல்லி, வெள்ளைச் சட்டையில் வரச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரே வெள்ளைச் சட்டை. மற்றபடி நன்றாகவே இருந்தது. காலரின் மடிப்பு மட்டும் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. அந்த மாதம்தான் வீடு மாற்றியிருந்தோம், புதுச் சட்டைக்கு வழியில்லை. "காக்கியிலயே போறேன் புள்ள, டிரைவர்னு தெரியட்டும்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மகளோடு படிக்கும் பிள்ளைகள் முன்னால் அவர் எடுப்பாக நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

நான் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். காலரைப் பிரித்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி திருப்பித் தைத்தால் புதுசு போலாகிவிடும். வீட்டில் மெஷின் கிடையாது, கையாலேயே தைத்தேன். முடித்துப் பார்த்தால், வெயிலே படாமல் இருந்து இப்போது மேலே வந்த அடிப்பக்கம் பளீரென்று இருக்கிறது, சட்டையோ பழுப்பு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொட்டு நீலம் போட்டு அலசி, கஞ்சி போட்டுத் தேய்த்து, ஒருவழியாகச் சமாளித்தேன்.

விழாவில் பெயரைக் கூப்பிட்டதும் மேடை ஏறினார். தலையில் சரிகை வைத்த மைசூர் பேட்டா தலைப்பாகை. கழுத்தில் மொத்தமான மாலை. அதற்கு மேல் தாடை வரை சுற்றி ஒரு சால்வை. கையில் பழக்கூடை வேறு. மனிதர் சட்டை போட்டிருக்கிறாரா என்பதே தெரியவில்லை! "காக்கியே போதும் போலம்மா" என்று மகள் என் காதில் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

செல்போனில் படம் எடுக்க மேடைப் பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கூடையைக் கீழே வைத்தார். சால்வையைத் தோளிலிருந்து இறக்கினார். மாலையைக் கழற்றி, காலரை நீவிவிட்டுக்கொண்டார். போட்டோக்காரர் சால்வையை மேலே போடச் சொன்னார். "பேடா சார், ஹீகே இர்லி" என்றார் இவர் கன்னடத்தில், வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று.

வீட்டுக்கு வரும் வழியில், ஏனுங்க அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"சால்வை எல்லாத்துக்குந்தான் போடறாங்க. காலரு நீ தெச்சதாச்சே" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தினமும் நான் வைக்கிற காலர்கள் எந்த ஊருக்குப் போகின்றன, யார் கழுத்தில் ஏறுகின்றன என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் மேடையில் நின்று, கிடைத்த மரியாதையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு என் தையலைக் காட்டினார் என்ற நினைப்பில், வேலைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் எனக்கு நிறைவாகவே விடிகிறது.