மைக் இக்னேசியஸும் தேத்தண்ணி மேசையும்

மைக்கை மூன்று தரம் ஊதியாகிவிட்டது. நான்காம் தரமும் ஊதுகிறார் இக்னேசியஸ். கரண்ட் இருக்கிறது, ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்கிறது, கதிரைகளில் காத்திருக்கும் எண்பது பேருக்கும் அது கேட்கிறது. ஆனாலும் ஊதுவார். பிறகு பெரிய பிஸ்கட் ரின்னைக் குலுக்கி, முழங்கை வரை கையை விட்டு ஒரு மரக்கட்டையை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்து, ஒரு மூச்சு நிறுத்துவார்.

"பதின்மூண்டு! பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருட்டுக்குள்ள இருந்தமே, மறந்திட்டீங்களோ?"

பெண்கள் சிரித்துக்கொண்டே தங்கள் தாளில் பதின்மூன்றைத் தேடி வெட்டுவார்கள். நாலு என்றால் "பெற்றோல் இல்லாத கார், நாலு சில்லும் வீட்டில". ஏழு என்றால் "கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும்". அறுபது வந்தால் தன் நெஞ்சிலேயே தட்டி, "அறுபது! போதும் ராசா, வீட்டுக்குப் போ" என்பார். அந்த வயதில்தான் துறைமுகக் களஞ்சியத்தில் அவருக்கு மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடமாக அவர் பேச்சைக் கேட்க வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார். அந்த ஒருவரும் குசினியில் வேலையாக இருப்பார். ஆகவே மாதத்தின் முதலாம் சனிக்கிழமைப் பின்னேரம் அவருக்குப் பெருநாள்.

துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் வீதியில் அயலவர் நலன்புரிச் சங்கத்துக்கு ஒரு தகரக் கூரை மண்டபம் உண்டு. பிங்கோ அங்கேதான். ஒரு வரிசை எண்கள் முழுதும் வெட்டியவர் "பிங்கோ!" என்று கத்தினால் சவர்க்காரப் பெட்டி, முழுத் தாளும் வெட்டினால் பத்துக் கிலோ அரிசி அல்லது சுடுதண்ணீர்ப் போத்தல். தாள் விற்று வருகிற பணத்தில் பரிசுச் செலவு போக மிஞ்சுவதை, விண்ணப்பம் எழுதித் தருகிற ஏதாவது ஒரு சிறு அமைப்புக்குச் சங்கம் கொடுத்துவிடும். ஒரு கால்பந்துக் கழகத்துக்கு வலை வந்தது. மாதர் சங்கத்துக்குத் தையல் மெசின் வந்தது. லிங்கநகரில் ஒரு பாலர் பாடசாலைக்கு ஊஞ்சல் வந்தது.

சங்கத்தின் செயலாளரும் இக்னேசியஸ்தான். விண்ணப்பங்கள் அவர் கைக்கே வரும். அதனால் இந்த வலையும் மெசினும் ஊஞ்சலும் தன் தொண்டையில் இருந்து பிறந்தவை என்று நம்புகிறார். பாலர் பாடசாலைப் பக்கம் போனபோது ரீச்சருக்கு, "இது என்ர சத்தத்தால வந்த ஊஞ்சல், பிள்ளை" என்று சொல்லி, அதில் ஒருக்கால் ஏறி இருந்தும் பார்த்தார். பலகை மெல்லிய சத்தம் ஒன்று போட்டு இரண்டாகியது. "நாலு வயசுப் பிள்ளையளுக்குச் செய்ததில அறுபத்துமூண்டு வயசு ஏறி இருந்தா அது என்ன செய்யும்?" என்று இப்போது அவரே மைக்கில் சொல்லிச் சிரிக்கிறார். புதுப் பலகையும் அவரே போட்டுக் கொடுத்தார் என்பதைச் சொல்வதில்லை. அதில் சிரிப்பு இல்லையே.

தன்னைத் தானே நக்கலடிப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. "முப்பத்துநாலு வருஷம் கடலுக்குப் பக்கத்தில உத்தியோகம் பாத்தனான். கணுக்காலுக்கு மேல ஒருநாளும் நனைஞ்சதில்லை" என்பார். நனைந்த ஒரேயொரு கதையும் உண்டு. போன வருடத்துக்கு முந்திய வருடம், சம்பூரில் உறவினரின் புது வீட்டுக் குடிபூரலுக்கு, பஸ்ஸில் சுற்றிப் போகப் பஞ்சிப்பட்டு, மச்சானின் போட்டில் ஏறினார். கொட்டியாரக் குடாவின் நடுவில் எஞ்சின் நின்றது. காற்று எழும்பியது. மச்சான் எஞ்சினோடு மல்லுக்கட்ட, இக்னேசியஸ் பரிசுப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குமட்டிச் சத்தி எடுத்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து மூதூர்ப் பக்கமிருந்து ஒரு போட் வந்தது. அதில் நாலு பேர்.

"வந்தவங்கள் என்னைத் தூக்கித் தங்கட போட்டில போட்டாங்கள். கோழியைக் கடகத்துக்குள்ள போடுற மாதிரி" என்று கை வைத்துக் காட்டுவார். மண்டபம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் மைக்கில் சொல்லாத துண்டு ஒன்று இருக்கிறது. அந்த நாலு பேருக்கும் இரண்டு உயிர்காப்பு அங்கிதான் இருந்தது. ஒன்றைப் போட்டிருந்தவர் அவர்களின் தலைவர் அபூதாஹிர். அவர் அதைக் கழற்றி இக்னேசியஸுக்குப் போட்டு, வாரை இறுக்கிவிட்டு, வெறும் சேட்டோடு அலைக்குள் போட்டைத் திருப்பினார். இக்னேசியஸ் அந்த அங்கியின் மேலேயும் ஒருதரம் சத்தி எடுத்தார்.

இந்த வருடம் தை மாதம், அதே அபூதாஹிர் கையில் ஒரு கடிதத்தோடு மண்டப வாசலுக்கு வந்தார். கரைக்குத் திரும்பாத போட்டுகளைத் தேடிப்போகும் குழு அவர்களுடையது. ஆட்கள் எட்டு, அங்கி இன்னும் இரண்டுதான். சங்கம் உதவி செய்கிறது என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

இக்னேசியஸ் ஓடிப்போய்க் கதிரை இழுத்துப் போட்டார். "அபூதாஹிர் நானா! உங்களுக்கு இல்லாமல் வேற ஆருக்கு? இந்த மாசத்துப் பிங்கோ முழுக்க உங்களுக்குத்தான்."

அபூதாஹிர் மேசையில் கிடந்த எண் தாள்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து வைத்தார்.

"இது சீட்டுக் குலுக்கி எடுக்கிற காசா, ஐயா?"

"ஓம். ஆனா எல்லாம் நல்ல காரியத்துக்கு."

"நல்ல காரியம்தான். நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா எங்கட மார்க்கத்தில அது சூது. அந்தக் காசில வாங்கின ஜக்கெற்றப் போட்டுக்கிட்டுக் கடலுக்குப் போக எங்கட மனசுக்கு ஏலாது. குறை நினைக்காதீங்க." கடிதத்தை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார்.

இக்னேசியஸுக்கு முதலில் வந்தது கோபம். பதினொரு வருடமாக இந்த ரின்னுக்குள் கைவிட்டு ஊருக்கு உழைக்கிற மனிசனைப் பார்த்துச் சூது என்று சொன்னால்? இரண்டாவதாக, மூக்குக்குள் அந்த உப்பும் சத்தியும் கலந்த மணம் வந்தது. அபூதாஹிர் படியில் இறங்கும்போது இக்னேசியஸின் வாய் அவரைக் கேளாமலே திறந்துவிட்டது.

"நானா, நில்லுங்கோ! தேத்தண்ணி மேசை இருக்கு! தேத்தண்ணியும் பற்றிஸும் விக்கிறம். அது சூது இல்லையே, வியாபாரம்தானே. அந்தக் காசைத் தாறன்."

அபூதாஹிர் யோசித்தார். "அது ஆர்ர மேசை?"

"எங்கட மேசைதான்" என்றார் இக்னேசியஸ்.

அது ஐவியின் மேசை. அவருடைய மனைவி ஐவி பதினொரு வருடமாக மண்டபத்தின் பின்மூலையில் அதை நடத்துகிறார். பற்றிஸுக்கு மா பிசைவதும், உள்ளே வைக்கக் கிழங்கு அவிப்பதும், எண்ணெய்க்கு முன்னால் நிற்பதும் அவர். வருகிற காசில் கோவிலில் மாதாவின் பீடத்துக்குப் பூ வாங்கி வைப்பதும் அவர். அந்த மேசையில் இக்னேசியஸின் பங்கு, ஆறிப்போன பற்றிஸ்களைத் தின்று முடிப்பது.

வீட்டுக்குப் போகும்போது அவர் இந்தச் செய்தியைச் சொல்ல ஏழெட்டு முகவுரை தயாரித்தார். குசினி வாசலுக்கு வந்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நேராகவே சொன்னார். ஐவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், வெட்டுவதை நிறுத்தவில்லை.

"குடுத்திட்டீங்களோ?"

"வாயாலதான் குடுத்தனான்."

"என்னைக் கேக்க வேணுமெண்டு தோன்றேல்லையோ?"

இக்னேசியஸ் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் சொல்லாத துண்டைச் சொன்னார். ஒரு அங்கி, ஒரு வார், வெறும் சேட்டு. சொல்லும்போது கோழியும் வரவில்லை, கடகமும் வரவில்லை.

ஐவி கத்தியை வைத்தார். "இதை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் இனி போட்டில ஏறவே விடமாட்டீர்."

"நீங்கள் எங்க ஏறப்போறீங்கள்?" என்றவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று இக்னேசியஸ் எடுத்துக்கொண்டார். "சரி. மாதாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். வீட்டு முத்தத்தில பூக்கிற செவ்வரத்தம்பூவை வைக்கிறன். ஆனா ஒண்டு. உங்கட கதை நடக்கேக்க ஒருதரும் எழும்பி வந்து தேத்தண்ணி குடிக்கிறேல்லை. விளையாட்டுக்கு விளையாட்டு ஒரு இடைவேளை விடவேணும். நீங்கள் விடமாட்டீங்கள். அதால வாற மாசம் துவக்கம் ஜக்கெற் வாங்கி முடியுமட்டும் மைக் என்னட்ட. கேத்தில் உங்களிட்ட."

இடைவேளை என்பது இக்னேசியஸின் பரம எதிரி. எழும்பிப் போன கூட்டம் பழைய சிரிப்போடு திரும்பி வராது என்பது அவருடைய கொள்கை. இருந்தாலும் ஓம் என்றார். மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது: ஐவிக்கு மைக் பழக்கமில்லை, பத்து நிமிசத்தில் சனமே கத்தும், "இக்னேசியஸ் அண்ணனைக் கூப்பிடுங்கோ" என்று.

மாசி மாதம் முதலாம் சனிக்கிழமை ஐவி மைக்கை ஊதவில்லை. கட்டையை எடுத்தார். "முப்பத்தெட்டு" என்றார். அடுத்த கட்டை. "ஐந்து." காரும் இல்லை, கிணறும் இல்லை. இக்னேசியஸ் பின்மூலையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு சனம் கத்தும் என்று காத்திருந்தார். சனம் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு விளையாட்டு முடிந்ததும் ஐவி, "பத்து நிமிசம். தேத்தண்ணி குடியுங்கோ. மூதூர் ஆக்களுக்கு ஜக்கெற் வாங்கவேணும்" என்றார். எண்பது பேரும் எழும்பி மேசையை நோக்கி வந்தார்கள்.

அந்தப் பத்து நிமிசத்தைப் பற்றி இக்னேசியஸ் இப்போதும் விரல்களைக் காட்டித்தான் பேசுவார், மூன்றில் கொப்பளம் வந்திருந்தது. ஒருவருக்குச் சீனி இரண்டு தரம் போட்டார், ஒருவருக்குப் போடவே இல்லை. கடைசியில் வந்த சுலக்ஷனா, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் வங்கிக்காரப் பிள்ளை, கோப்பையை வாங்கிக்கொண்டு ஆறுதலாகச் சொன்னாள்: "அங்கிள், அன்ரி சொல்லேக்க நம்பர் நல்லா விளங்குது."

"நான் சொல்லேக்க விளங்கிறேல்லையோ?"

"சிரிச்சுச் சிரிச்சு நான் எத்தினை நம்பர் விட்டிருப்பன்!"

பதினொரு வருடமாக அந்தப் பிள்ளைக்கு ஒரு சவர்க்காரம்கூட விழாததன் காரணம் தானே என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அன்று அவள் அரிசி வென்றாள்.

பங்குனியில் அவர் தேயிலையைத் துணிப்பையில் கட்டிப் போடப் பழகினார். சித்திரையில் யாருக்குச் சீனி கூட, யாருக்குச் சீனி வருத்தம், போடவே கூடாது என்பது மனப்பாடமானது. வைகாசியில், பற்றிஸ் போதவில்லை என்று வெள்ளிக்கிழமையே எழும்பிக் கிழங்கு உரித்தார். ஐவி பக்கத்தில் இருந்து அவர் உரித்ததைத் திரும்ப உரித்தார். நேரே எண் சொல்ல ஆள் கிடைத்ததில் பிங்கோவுக்கும் கூட்டம் கூடியது. மாதர் சங்கத்துக்கு இரண்டாவது மெசினும் அந்த மாதம் வந்தது. இது தன் தொண்டையால் வரவில்லை என்பதை இக்னேசியஸ் கவனித்தார்.

ஆனி மாதம் ஆறு அங்கிகளும் வந்து சேர்ந்தன. அபூதாஹிர் தன் ஆட்களோடு வந்து மண்டப முற்றத்தில் அவற்றைப் போட்டுப் பார்த்தார். வெயிலில் செம்மஞ்சள் நிறம் கண்ணைக் குத்தியது. இக்னேசியஸ் ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அபூதாஹிர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐயா, தேத்தண்ணில சாயம் நல்லாயிருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "அண்டைக்கு நீங்க நடுங்கின நடுக்கத்தப் பாத்து, கரைக்கு வந்து சேர மாட்டீங்கெண்டுதான் நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார் இக்னேசியஸ். அடுத்தவரின் கோப்பையை நிரப்பப் போனார்.

ஆறும் கிடைத்தாயிற்று என்றபோது, இனி மைக் என்ன ஆகும் என்ற கேள்வி வந்தது. அந்த மாதம் முழுதும் இக்னேசியஸ் ஒரு பேச்சை ஒத்திகை பார்த்தார். குளிக்கும்போதும், சைக்கிளில் மீன் வாங்கப் போகும்போதும் சொல்லிப் பார்த்தார்: "இல்லை ஐவி, நீரே சொல்லும். நீர் என்னைவிட நல்லாச் சொல்லுறீர். சனத்துக்கும் அதுதான் விருப்பம். எனக்கு இந்த மேசை போதும்." அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. கண்ணாடிக்கு முன்னால் சொன்னபோது தன் பெருந்தன்மையில் அவருக்கே கண் கலங்கியது.

ஆடி மாதத்து முதலாம் சனிக்கிழமை, மண்டபம் நிறைந்திருந்தது. ஐவி மேடையிலிருந்து இறங்கிப் பின்மூலைக்கு வந்தார். கழுத்தில் ஒரு துணியைச் சுற்றியிருந்தார்.

"இஞ்சேருங்கோ, தொண்டை கட்டிப்போட்டுது. இண்டைக்கு உங்களுக்கு ஏலுமோ?" என்று மைக்கை நீட்டினார்.

இக்னேசியஸ் கேத்திலை வைத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். ஒத்திகை பார்த்த பேச்சின் முதல் சொல்லுக்காக வாயைத் திறந்தார். அதற்குள் கை மைக்கை வாங்கிவிட்டிருந்தது.