ஆறாவது முதலை

உப்பளம் பக்கத்தில் ஒரு சின்ன மிருகப் பூங்கா. அங்கே ஜெயத்துக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. கூப்பிட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. எந்த மான் நொண்டுகிறது, எந்தக் குரங்கு சாப்பிடவில்லை என்பதெல்லாம் மிருகங்களைப் பார்த்துக்கொள்ளும் வடிவேலுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லத்தான் மாட்டாள்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை முதலைத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். மேட்டில் மூன்று, தண்ணீரில் இரண்டு. ஆறாவதைக் காணோம்.

வடிகாலின் கம்பித் தட்டி சாய்ந்து கிடந்தது. முந்தின நாள் அடைத்திருந்த சருகை வார அதை எடுத்தவள் அவள்தான். தட்டிக்குப் போல்ட் இல்லாமல் நாலு மாசம். எப்போதும் இரண்டு கல் முட்டுக்கொடுப்பாள். நேற்று மழைக்குப் பயந்து ஒன்றோடு ஓடிவந்துவிட்டாள்.

சொன்னால் வேலை போகும். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை, மகள் சுமலதா ஒன்பதாவது படிக்கிறாள். ஆனால் அந்த வடிகால் போய்ச் சேருவது வெளியே இருக்கும் வாய்க்காலில். அதன் கரையில்தான் மீன்காரப் பெண்கள் உட்கார்ந்து மீன் கழுவுவார்கள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அண்ணே, ஒரு முதல இல்ல. தட்டி சாஞ்சி கெடக்குது. நேத்து நான்தான் எடுத்து வெச்சேன்."

வடிவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ பேசுவியா?" என்றான். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னது அவனுக்கு உறைத்தது. "நான் மெயின் கேட்டப் பூட்டிட்டு வனத்துறைக்குப் போன் போடறேன். நீ மீன்காரங்கள கரைய விட்டு எழுப்பு, போ!"

வாய்க்கால் கரையில் அன்னக்கிளி அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். குடல் நேராகத் தண்ணீரில் விழுந்தது.

"அக்கா, எந்திரிங்க. தண்ணில முதல."

"மழைன்னு மூணு நாளா யாவாரமே இல்ல. எந்திரிச்சிப் போயி முதலக்கறியா விக்கச் சொல்ற?"

ஜெயம் அவள் கையைப் பிடித்து இழுத்தே விட்டாள். "எந்திரிக்கா!" அந்தக் கத்தலில் தெருவே திரும்பியது. ஆகாயத்தாமரைக்கு நடுவில் ஒரு மூக்கு எழும்பி அமிழ்ந்தது.

அதற்குமேல் ஜெயம் கத்த வேண்டியிருக்கவில்லை. அன்னக்கிளி குரலுக்கு இரண்டு கரையும் காலியாயிற்று. அவள் வீட்டு ஆண்கள் முதலை இருந்த இடத்துக்கு மேலும் கீழும் வாய்க்காலின் குறுக்கே வலை கட்டி அடைத்தார்கள். மதியத்துக்குள் வனத்துறையினர் முதலையைப் பிடித்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பிறகு மேலாளர் ஹரிகிருஷ்ணன் எல்லோரையும் கூட்டிக் கேட்டார். "தட்டிய எடுத்தது யாரு?"

"நான் சார்," என்றாள் ஜெயம்.

"போல்ட் இல்லன்னு எனக்கும் தெரியும் சார்," என்றான் வடிவேல். "எழுதிக் குடுத்தேன். மறுபடி கேக்காம உட்டுட்டேன்."

வாசலில் நின்ற அன்னக்கிளியும் விடவில்லை. "வாடைக்கு மிருகம் வரும், வாய்க்கால்ல குடலப் போடாதீங்கன்னு போர்டு வெச்சிருக்கீங்க. அதுமேலதான் நாங்க கூடைய காய வெக்கிறோம். எங்களயும் சேத்துக்குங்க."

மேலாளர் மேசையைப் பார்த்தார். "அந்தச் சீட்டு இங்கதான் கெடக்குது," என்றார் மெதுவாக.

ஜெயத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. தனியாகச் சுமக்க வேண்டியதை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்களே என்று ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டாள். வேலை போகவில்லை.

சாயங்காலமே ஆள் வந்து தட்டிக்குப் போல்ட் போட்டான். ஜெயம் பக்கத்திலேயே நின்று இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு சுத்து முறுக்குப்பா," என்றாள்.