கிணறில்லாத வீடு

வுப்பர்டால் நகரின் பழைய பொருட்சந்தையில் இன்னோர் அட்டை வீடு வாங்கினேன். நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, வைக்கும் உள்ளங்கையளவு வீடு. என்னிடம் இருப்பவற்றில் கூரைகளும் சன்னல்களும்தான் வேறுபடும். விளக்கைச் செருகும் துளை எல்லாவற்றின் முதுகிலும் இருக்கும். முகர்ந்தேன். பழைய பசை மணத்தது.

அகதி விடுதியில் எங்கள் முதல் நத்தார். தேவாலயத்தில் கொடுத்த இப்படியொரு வீட்டை அப்பா பாலன் குடிலருகே வைத்தார். அம்மா அதைச் சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, கிணறில்லாத வீட்டில ஆர் இருக்கிறது?"

"பொறும், கிண்டித் தாறன்."

மாப்பசை காய்ச்சி, போத்தல் மூடியொன்றை முற்றத்தில் ஒட்டினார் அப்பா. நூலில் வாளியும் தொங்கியது. ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு புது வீடு வரும்; அம்மா கேட்பார், அப்பா கிண்டுவார்.

அப்பா இறந்தபின் இது முதல் நத்தார். புது வீட்டை அம்மாவின் கையில் கொடுத்தேன்.

"வடிவாயிருக்கு" என்றார். கிணறு கேட்கவில்லை.

நான் எழுந்து போத்தல் மூடி தேடினேன்.