கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவின் சப்பாத்து

மாத்தளையில் அப்பா உதைபந்தாட்டப் பயிற்சி கொடுத்த கல்லூரியில் நேற்று புதிய விளையாட்டறை திறந்தார்கள். நான் கொடுத்த அவருடைய சப்பாத்தை அதிபர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தபோது, பழைய தோலும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசம் வந்தது.

அப்பா அங்கே பயிற்சி கொடுத்த நாட்களில் எனக்கு எட்டு வயதிருக்கும். மாவட்ட அணிக்கு ஆடிய காலத்திலிருந்து அப்பாவிடம் இருந்த சப்பாத்து அது. மழையில் நனைந்தால், அடுப்படியில் உட்கார்ந்து உள்ளே பேப்பரைத் திணித்து எண்ணெய் தேய்ப்பார். ஆனால் மைதானத்தில் அதைப் பாதி நாள் கையில்தான் வைத்திருப்பார். அணியில் ஒருவன் வெறுங்காலோடு வந்தாலும் அன்று எல்லோரும் கழற்றிவிட வேண்டும், அவர் உட்பட.

ஒருநாள் அணியில் ஆடிய பையன் ஒருவனின் தகப்பன், கடை முதலாளி, வீட்டுக்கே வந்து கத்தினார்.

"எங்க புள்ளைங்க காலு கிழியுது சேர்!"

"இரத்தோட்டை தோட்டத்துலருந்து வெறுங்காலோட பஸ்ல வர்ற புள்ளைங்க காலு மட்டும் இரும்பா?" எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டார் அப்பா. கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கே பொறுப்பாளரான பிறகும் அந்த விதியை அவர் மாற்றவில்லை.

நேற்று அதிபர் பெருமையோடு பெட்டியைப் பூட்டினார். அதற்கு நேர் மேலே சுவரில் புது அறிவித்தல்: 'சப்பாத்து இல்லாதவர்களுக்குப் பயிற்சி இல்லை.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சேர், இந்த ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கலாம். போர்டக் கழட்டுறீங்களா, சப்பாத்தத் தர்றீங்களா?"

"மொதல்ல போட்டோ எடுப்போம் மிஸ், பொறகு பேசலாம்."

நான் சாவிக்குக் கையை நீட்டினேன்.